மூன்று இரவு உபினில் தங்கி உயிரியல் படிக்க வேண்டுமா?

செங்காங் அம்மா
4 மே, இரவு 10:20

வணக்கம். மகள் தொடக்கக்கல்லூரி முதலாம் ஆண்டில் ஏ நிலைத் தேர்வுக்கான எச்2 உயிரியல் படிக்கிறாள். ஜூன் விடுமுறையில் நான்கு பகலும் மூன்று இரவும் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் தங்கிச் சூழலியல் களப்பணி செய்வதற்குப் பள்ளியிலிருந்து படிவம் கொடுத்திருக்கிறார்கள். கட்டாயமில்லை. கட்டணம் 380 வெள்ளி. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

அட்டவணையைப் படித்ததும் எனக்குக் கலக்கமாகிவிட்டது. ஒரு நாள் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து கடலோரத்தில் இறங்குகிறார்கள். இன்னொரு நாள் இரவு 9 மணிக்கு மேல் காட்டோரத்தில் விளக்கு வைத்துப் பூச்சி பார்க்கிறார்கள். நடுவில் முழங்காலளவு சேற்றில் நடை. மகளுக்குச் சிறு வயதில் மூச்சிரைப்பு இருந்தது. இப்போது இல்லை, ஆனாலும் மனம் கேட்கவில்லை. "சாங்கியிலிருந்து படகேறினால் பத்து நிமிடம். காலையில் போய் மாலையில் திரும்பினால் ஆகாதா?" என்று என் கணவர் கேட்கிறார். எனக்கும் அதே கேள்விதான். இவ்வளவு சிறிய நாட்டில் தங்கித்தான் படிக்க வேண்டிய அவசியம் என்ன? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

தெம்பனிஸ் தந்தை
4 மே, இரவு 11:05

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: வேண்டாம். என் மூத்தவன் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஏ நிலைத் தேர்வு எழுதினான். எச்2 உயிரியலில் மதிப்பெண் எல்லாம் செல், மரபியல், பரிணாமம் பக்கம்தான். பருவநிலை மாற்றம் விலங்குகளையும் தாவரங்களையும் எப்படிப் பாதிக்கிறது என்று ஒரு பகுதி உண்டு. அதற்கு நண்டு எண்ணத் தேவையில்லை. நான்கு நாள் போய்விட்டு வந்தால் இரண்டு நாள் தூங்குவார்கள். ஆக ஒரு வாரம் போயிற்று. விடுமுறை முடிந்ததும் தேர்வு. 380 வெள்ளிக்கு நல்ல துணைப்பாட வகுப்பு ஒரு மாதம் கிடைக்கும்.

கடலோரம் பார்க்க வேண்டுமென்றால் சாங்கிக் கடற்கரைக்கு வாடகை வண்டியில் போகலாம். காடு பார்க்க வேண்டுமென்றால் புக்கிட் தீமா இருக்கிறது. இரண்டும் ஒரு நாள் வேலை.

உயிரியல் ஆசிரியை
5 மே, மாலை 6:40

நான் 14 ஆண்டுகளாகத் தொடக்கக்கல்லூரியில் உயிரியல் கற்பிக்கிறேன். ஒன்பது முறை மாணவர்களைக் களத்தில் தங்க வைத்திருக்கிறேன். செங்காங் அம்மா, உங்கள் கணவரின் கேள்வி சரியான கேள்வி. அதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். நாங்கள் தூரத்துக்காகத் தங்குவதில்லை. கடல் வற்றும் நேரத்துக்காகத் தங்குகிறோம்.

சிங்கப்பூரில் கடல் நன்றாக வற்றுவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாள்களில்தான். ஆண்டின் நடுப்பகுதியில் அந்த ஆழ்ந்த வற்றம் விடியலுக்கு முன் வருகிறது. ஆண்டிறுதியில் மாலை இருட்டும் நேரத்தில் வருகிறது. ஜூன் விடுமுறையில் கடற்புல்வெளியையும் மணல்திட்டையும் மாணவர்கள் காலால் மிதித்துப் பார்க்க வேண்டுமென்றால் அதிகாலை 4 மணிக்கு எழுவதைத் தவிர வழியில்லை. காலை 9 மணிக்குப் படகில் வந்து இறங்குபவர்கள் பார்ப்பது தண்ணீரைத்தான். உபினின் கடலோரச் சதுப்புநிலமான செக் ஜாவா பொதுமக்களுக்குத் திறந்திருப்பதே காலை 8:30 முதல் மாலை 6 மணி வரை. நடைபாலத்தை விட்டு மணலில் இறங்கத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். பள்ளி அதை முன்கூட்டியே வாங்கியிருக்கும்.

தெம்பனிஸ் தந்தை சொல்லும் சாங்கிக் கடற்கரையும் அருமையான இடம். ஒரு நாள் வற்றத்தைப் பார்க்க அது போதும். ஆனால் ஒரு நாள் பார்த்ததை வைத்து உயிரியலில் எதுவும் சொல்ல முடியாது. வற்றம் நாளுக்கு நாற்பது, ஐம்பது நிமிடம் தள்ளிப் போகிறது. அதே கோட்டில், அதே சதுரச் சட்டத்தை (குவாட்ராட்) தரையில் வைத்து, அதற்குள் இருப்பதை மூன்று நாள் தொடர்ந்து எண்ணும்போதுதான் முதல் நாள் எண்ணிக்கை தற்செயலா, உண்மையா என்பது தெரியும். இன்று மாலை மண்ணில் கோப்பை புதைத்து வைத்தால் இரவில் நடமாடும் வண்டுகளும் எறும்புகளும் அதில் விழும். விடிந்ததும் எண்ணிவிட்டு விட வேண்டும். இன்று நத்தைக்கு அடையாளமிட்டால் நாளை திரும்பிப் போய்த் தேட வேண்டும். இவற்றுக்கெல்லாம் இடையில் ஓர் இரவு வேண்டும். வகுப்பறையில் அந்த இரவை என்னால் கொடுக்க முடியாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். களப்பணி என்று பெயர் வைத்துவிட்டு, கயிறு ஏறுவதும் தெப்பம் கட்டுவதுமாக நாள் கழித்துவிட்டு, நடைபாலத்தில் ஒரு மணி நேரம் நடக்க வைத்து அனுப்பும் முகாம்களும் உண்டு. அப்படிப்பட்டதற்கு நானே போக வேண்டாம் என்பேன். பள்ளியிடம் கேளுங்கள்: மாணவர்கள் எந்தக் கேள்விக்கு விடை தேடப் போகிறார்கள்? தரவை யார் சேகரிக்கிறார்கள், மாணவர்களா, வழிகாட்டியா? பிற்பகலில் உட்கார்ந்து கணக்குப் போட நேரம் ஒதுக்கியிருக்கிறதா? பிற்பகல் காலியாக இருந்தால் அந்த முகாம் வெறும் உலா.

பாதுகாப்புப் பற்றித் தனியாக எழுதுகிறேன், வகுப்புக்கு நேரமாகிறது.

சேற்றுக்கால்
5 மே, இரவு 9:12

பத்து ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற முகாமுக்குப் போனவள் நான். இப்போது சதுப்புநிலத் தாவரங்களை ஆராயும் வேலையில் இருக்கிறேன். ஆசிரியை சொன்னதற்கு ஒரு சாட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன் எனக்குச் சமவாய்ப்பு மாதிரி எடுப்பது, அதாவது எண்ணும் இடத்தை நம் விருப்பம் கலக்காமல் தேர்ந்தெடுப்பது பற்றி எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். உபினில் இறங்கியதும் அரை மீட்டர் குவாட்ராட் சட்டத்தைத் தோளுக்கு மேலாக வீசி எறிந்தேன். எங்கள் ஆசிரியர் வந்து, "எந்தப் பக்கம் எறிந்தாய்? ஏன் அந்தப் பக்கம்?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், சேறு குறைவான பக்கம் பார்த்து எறிந்திருக்கிறேன். கை தானாகவே சுலபமான இடத்தைத் தேடிக்கொண்டது. பிறகு நாடாவை இரண்டு பக்கமும் விரித்து, சமவாய்ப்பு எண்களை ஆயத்தொலைவாக வைத்து, எண் எங்கே சொல்கிறதோ அங்கே போய் நின்றோம். எண் என்னை நேராக இடுப்பளவு சேற்றுக்கு அனுப்பியது. போனேன். அன்றைக்குப் புரிந்தது இன்றுவரை மறக்கவில்லை.

சுவாச வேர்களை எண்ணினோம். அப்பி அப்பி என்ற சதுப்புநில மரத்தடியில் பென்சில் நட்டு வைத்தது போல் ஆயிரக்கணக்கில் நிற்கும். கடலோரத்தில் நெருக்கமாகவும் உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருக்கும் என்று எதிர்பார்த்தோம். எங்கள் கோட்டில் நடுவில் திடீரென்று எண்ணிக்கை ஏறியது. தவறு செய்துவிட்டோம் என்று நினைத்து மறுநாள் மீண்டும் எண்ணினோம், மீண்டும் ஏறியது. குனிந்து பார்த்தால் அங்கே ஒரு சிறிய ஓடை தேங்கி நின்றது. வரைபடத்தில் அந்த ஓடை இல்லை. மறுநாள் இல்லாதிருந்தால் முதல் நாள் கணக்கைத் திருத்தி எழுதியிருப்போம்.

செம்பவாங் தாத்தா
6 மே, காலை 5:48

பிள்ளைகள் எழுதியதைப் படித்தேன். எனக்கு 74 வயது. என் தகப்பனார் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார். வெள்ளையர் 1971இல் போகும்வரை நாங்கள் அங்கேதான் இருந்தோம். கடல் வற்றினால் பையன்களெல்லாம் சேற்றில் இறங்கிவிடுவோம். மலாய்க்காரப் பையன்கள் பெலங்காஸ் பிடித்துக் காட்டுவார்கள், அதுதான் குதிரைலாட நண்டு. அங்கிருந்த சதுப்புநில மரங்களை அம்மா கண்டல் என்பார். அவர் ஊர் முத்துப்பேட்டைப் பக்கம். எங்களுக்கு அது பாக்காவ். ஒரே மரத்துக்கு வீட்டில் ஒரு பெயர், வெளியே ஒரு பெயர்.

கிராஞ்சி ஆற்றுவாயில் அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்பது எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. 1975இல் அணை கட்டி நீர்த்தேக்கமாக்கினார்கள். குடிதண்ணீர் வேண்டும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே என்னென்ன இருந்தது, எத்தனை இருந்தது என்று என்னைக் கேட்டால் "நிறைய இருந்தது" என்று மட்டும்தான் சொல்ல முடிகிறது. நாங்கள் யாரும் எண்ணவில்லை. எண்ணச் சொல்லித் தர ஆளில்லை. உங்கள் மகள் எண்ணட்டும் அம்மா.

சேற்றுக்கால்
6 மே, காலை 8:15

தாத்தா, நீங்கள் சொன்னது என்னை உலுக்கிவிட்டது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரில் ஏறக்குறைய 75 சதுர கிலோமீட்டர் சதுப்புநிலக் காடு இருந்ததாகக் கணக்கிடுகிறார்கள். இப்போது எஞ்சியிருப்பது அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். பழைய எண்ணிக்கை இல்லாததால் எதை இழந்தோம் என்பதை வரைபடத்தின் பரப்பளவை வைத்துத்தான் ஊகிக்கிறோம்.

செக் ஜாவாவும் 2001இல் நிலமீட்புக்கு, அதாவது கடலைத் தூர்த்து நிலமாக்குவதற்கு, ஒதுக்கப்பட்டிருந்த இடம்தான். அந்த ஆண்டு தொண்டூழியர்கள் வற்ற நேரங்களில் இறங்கி, கிடைப்பதையெல்லாம் பதிவு செய்தார்கள். டிசம்பரில் அரசாங்கம் திட்டத்தை ஒத்திவைத்தது. பட்டியல் இருந்ததால் பேச முடிந்தது.

எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதற்கு அங்கேயே இன்னொரு பாடம் உண்டு. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜோகூரில் பெருமழை, வெள்ளம். ஜோகூர் ஆற்றின் நன்னீர் வந்து சேர்ந்ததில் செக் ஜாவாவில் கடல்நீரின் உப்பு குறைந்துபோனது. கடல் நட்சத்திரங்களும் கடல் வெள்ளரிகளும் கூட்டமாகச் செத்தன. கம்பளம் போல் விரியும் கடற்சாமந்திகள் வெளுத்துப் போயின. அதற்கு முன் எண்ணி வைத்திருந்தவர்களால்தான் எவ்வளவு போயிற்று, எது எப்போது திரும்பியது என்று சொல்ல முடிந்தது. முகாமில் மாணவர்கள் ஒளிவிலகல்மானியில் ஒரு சொட்டுக் கடல்நீரை வைத்து உப்பு பார்ப்பார்கள். அது வெறும் எண் அல்ல என்பதை இந்தக் கதையோடு சொன்னால்தான் புரியும். பருவநிலைப் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன்.

பிடோக் உம்மா
6 மே, பிற்பகல் 1:30

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கும் இதே படிவம் வந்திருக்கிறது, வேறு கல்லூரி. ஹலால் உணவு இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள், அதில் கவலையில்லை. வற்றம் பார்க்க அதிகாலையில் கடலோரம் நிற்கும்போது மகளின் சுபுஹு தொழுகை என்ன ஆகும்? ஜூனில் சுபுஹு 5:40 வாக்கில் வந்துவிடுகிறது. இதைப் பள்ளியில் கேட்டால் "சிறப்புச் சலுகை கேட்கிறார்கள்" என்று நினைத்துவிடுவார்களோ என்று மகள் தயங்குகிறாள்.

இன்னொன்று, பெண்பிள்ளைகளுக்கு மாதவிலக்கு நாளில் இந்தச் சேற்று வேலையெல்லாம் எப்படி?

உயிரியல் ஆசிரியை
6 மே, மாலை 7:25

வ அலைக்கும் ஸலாம். தயங்கவே வேண்டாம். என் முகாம்களில் முஸ்லிம் மாணவர்கள் எப்போதும் உண்டு. வற்றம் ஒரே நிமிடத்தில் வந்து போய்விடாது. மிகத் தாழ்ந்த மட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது வேலை நடக்கும். கரையில் நீர் எட்டாத மணல் மேட்டில் விரிப்பும், ஒளு செய்ய (தொழுகைக்கு முன் கைகால் கழுவ) குடுவையில் தண்ணீரும் வைத்திருப்போம். தொழுகைக்குப் போகும் மாணவரின் இடத்தில் குழுவில் இன்னொருவர் எழுதுவார். முன்பே சொல்லிவிட்டால் குழுவைப் பிரிக்கும்போதே இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியும். அன்றைக்குச் சொன்னால்தான் எங்களுக்குச் சிரமம்.

மாதவிலக்குப் பற்றிச் சேற்றுக்கால் என்னைவிடச் சரியாகச் சொல்வார்.

இப்போது பாதுகாப்பு. என்னை நிஜமாகவே அச்சப்படுத்துவது மின்னல். ஆண்டின் நடுப்பகுதியில் சுமத்ராப் பக்கமிருந்து வரும் புயல்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோதான் வீசும், சரியாக நாங்கள் திறந்த மணலில் நிற்கும் நேரம். இடி கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுக் கூரைக்குப் போக வேண்டும். ஒரு முறை முழு நாளின் தரவும் அப்படிப் போனது. போனால் போகட்டும். அடுத்தது கல்மீன். மணலோடு மணலாகக் கிடக்கும், மிதித்தால் தாங்க முடியாத வலி. அதனால்தான் தடித்த அடிப்பகுதி கொண்ட, காலை மூடிய காலணி. காலைத் தூக்கி வைக்காமல் மெதுவாக இழுத்து நடக்கப் பழக்குவோம். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை அமிழ்த்திக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

செங்காங் அம்மா, மூச்சிரைப்பு விஷயத்தில் நீங்கள் பள்ளியிடம் கேட்க வேண்டியது இது: தீவில் மருத்துவமனை இல்லை. இரவில் அவசரமென்றால் படகு எங்கே நிற்கும், யார் ஓட்டுவார், சாங்கியில் யார் காத்திருப்பார்? இந்த மூன்றுக்கும் அவர்கள் யோசிக்காமலே பதில் சொன்னால் நம்பி அனுப்பலாம். யோசித்தால் அனுப்பாதீர்கள். இன்ஹேலரைப் பையில் ஒன்றும் ஆசிரியரிடம் ஒன்றுமாகக் கொடுத்துவிடுங்கள்.

சேற்றுக்கால்
6 மே, இரவு 10:02

உம்மா, வெளிப்படையாகவே எழுதுகிறேன், பிள்ளைகளும் படிக்கட்டும். நான் மாதத்தில் இருபது நாள் சேற்றில் நிற்பவள். அந்த நாள்களிலும் நிற்கிறேன். ஆனால் அது என் விருப்பம். பதினேழு வயதுப் பிள்ளைக்கு வலி இருந்தால் அன்று அவள் ஆய்வு மேசையில் நுண்ணோக்கி பார்க்கலாம், தரவுப் பதிவு செய்யலாம். இரண்டும் களப்பணிதான். பெண் ஆசிரியர் ஒருவர் உடன் வருகிறாரா, கழிப்பறைக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணிக்கு ஒரு முறை திரும்பி வருவார்கள் என்று மட்டும் கேட்டு வையுங்கள். கறுப்பு நிற நீண்ட கால்சட்டையும் மாற்று உடை இரண்டும் கொடுத்தனுப்புங்கள்.

பொதுவாகப் பெட்டி கட்டுபவர்களுக்கு: ரப்பர் பூட்ஸ் வேண்டாம். சேறு பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும், கால் மட்டும் வெளியே வரும். இறுக்கிக் கட்டிய பழைய கான்வாஸ் காலணி நல்லது. பேனா வேண்டாம், பென்சில். மழையில் மை கரைந்து ஒரு நாள் உழைப்பு நீலக் கறையாவதைப் பார்த்திருக்கிறேன். முழுக்கைச் சட்டை, மணல் ஈ கடித்தால் ஒரு வாரம் அரிக்கும். பூச்சித் தைலம் பூசிய கையால் தவளையையோ நத்தையையோ தொடக் கூடாது.

வேல்ஸ் நினைவுகள்
7 மே, காலை 9:50

நான் பள்ளிப் படிப்பை பிரிட்டனில் முடித்தவள். அங்கே ஏ நிலை உயிரியல் மாணவர்களைக் களநிலையத்தில் தங்க வைப்பது நீண்ட காலப் பழக்கம். ஃபீல்ட் ஸ்டடீஸ் கவுன்சில் என்ற அமைப்பு அதற்காகவே 1943இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே தொடங்கப்பட்டது. 1946இல் முதல் நிலையத்தைத் திறந்தார்கள். ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் சொந்தமாயிருந்த ஃபிளாட்ஃபோர்டு நீராலைதான் அது. குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்டில் பிள்ளைகள் குளத்தையும் வயலையும் நேரில் பார்த்துப் படிக்க வேண்டும் என்று சிலருக்குத் தோன்றியிருக்கிறதே, அதை நினைத்தால் எனக்கு இன்றும் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

நான் ஒரு வாரம் தங்கியது வேல்ஸ் கடலோரத்தில் உள்ள டேல் கோட்டையில். பாலன்டைன் என்ற உயிரியலாளர் 1961இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். ஒரு பாறைக்கரையை அலை எவ்வளவு கடுமையாகத் தாக்குகிறது என்பதை எந்தக் கருவியுமில்லாமல், அங்கே வாழும் உயிர்களை வைத்தே எட்டுப் படிகளாகச் சொல்லிவிடலாம். பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசு மண்டிக் கிடந்தால் அலை மோதும் கரை. பழுப்புப் பாசி தழைத்திருந்தால் ஒதுக்கமான கரை. நாங்கள் முதல் நாள் ஒரு கரையில் நின்று படி சொன்னோம், எல்லாரும் தவறு. நான்காம் நாள் புதிய கரைக்குப் போனதும் யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்துவிட்டோம். கண் பழக நான்கு நாள் ஆகிறது. சிங்கப்பூரின் உயிர்கள் வேறு, அந்த அளவுகோல் இங்கே பொருந்தாது. கண் பழகுவது மட்டும் எங்கும் ஒன்றுதான்.

இரட்டையரின் அப்பா
7 மே, மாலை 4:15

என் பிள்ளைகள் இருவரும் ஐபி என்ற அனைத்துலகப் பாடத்திட்டம். அதில் குவாட்ராட் முறையும், பிடித்து அடையாளமிட்டு மீண்டும் பிடிக்கும் முறையும், கை-வர்க்கம் (χ²) என்ற புள்ளியியல் சோதனையும் பாடத்திலேயே இருக்கின்றன. ஆகவே தேர்வுக்கும் உதவியது. அவர்கள் மலேசியாவின் தியோமான் தீவுக்குப் போனார்கள். பவளப்பாறை அழகுதான். ஆனால் திரும்பி வந்து அவர்கள் பேசியது முழுக்க ஒரு மரத்தடியில் இருந்த எறும்புகளைப் பற்றி. அதை உபினிலேயே பார்த்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

தெம்பனிஸ் தந்தை
7 மே, இரவு 9:30

எல்லாரும் எழுதியதைப் பொறுமையாகப் படித்தேன். தங்குவதற்குக் காரணம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வற்ற நேரம் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. இது இவ்வளவு முக்கியமென்றால் ஏன் விருப்பப் பாடமாக, 380 வெள்ளி கட்டுபவர்களுக்கு மட்டும் இருக்கிறது? என் தங்கை மகன் நன்றாகப் படிப்பவன், உயிரியல் என்றால் உயிர். அவன் இப்படிப்பட்ட படிவத்தை வீட்டில் காட்டவே இல்லை. அம்மாவின் கையில் பணமில்லை என்று அவனுக்குத் தெரியும். ஒரு மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அது என்னை இன்னும் உறுத்துகிறது.

உயிரியல் ஆசிரியை
7 மே, இரவு 11:10

உறுத்த வேண்டிய விஷயம்தான் ஐயா. என்னிடம் நல்ல பதில் இல்லை. நிதியுதவி இருக்கிறது, ஆனால் கேட்பவர்களுக்குத்தான் கிடைக்கிறது. கேட்க வெட்கப்படும் பிள்ளைகள் படிவத்தைப் பையிலேயே மடித்து வைத்துவிடுகிறார்கள். அதனால் நான் செய்வது, படிவத்தைத் திருப்பிக் கொடுக்காத ஒவ்வொரு மாணவரையும் தனியாகக் கூப்பிட்டு, "வர விருப்பமில்லையா, வர முடியவில்லையா?" என்று கேட்பது. கடந்த ஆண்டு அப்படி நான்கு பேர் வந்தார்கள். அதில் ஒருத்திதான் குழுவிலேயே கூர்மையான கண். கேட்காத ஆண்டுகளில் எத்தனை பேரை விட்டிருக்கிறேனோ.

இதைப் படிக்கும் பெற்றோர்கள் தயவுசெய்து பிள்ளையின் பையைத் திறந்து பாருங்கள்.

செங்காங் அம்மா
8 மே, இரவு 8:44

பள்ளிக்குத் தொலைபேசியில் பேசினேன். படகு பற்றிக் கேட்டதும் பொறுப்பாசிரியர் உடனே பதில் சொன்னார். இரவு முழுக்கப் படகு ஒன்று துறையில் நிற்குமாம், சாங்கிப் பக்கம் ஆசிரியர் ஒருவர் வண்டியோடு இருப்பாராம். மாணவர்களின் கேள்வி என்ன என்று கேட்டேன். "அதை அவர்களே முதல் நாள் முடிவு செய்வார்கள்" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

செங்காங் அம்மா
17 ஜூன், இரவு 9:35

மகள் வந்து மூன்று நாள் ஆகிறது. அன்றே எழுத நினைத்தேன், ஆனால் சமையலறை மேசை முழுவதும் அவளுடைய தாள்கள். தெம்பனிஸ் தந்தை சொன்னது போல் முதல் நாள் 14 மணி நேரம் தூங்கினாள். எழுந்ததிலிருந்து கணக்குத்தான்.

அவள் குழு எடுத்துக்கொண்ட கேள்வி, ஒரு குறிப்பிட்ட பாக்காவ் மரக்கூட்டத்தில் மரமேறும் நத்தைகள் எத்தனை இருக்கின்றன என்பது. முதல் நாள் மாலை 72 நத்தைகளின் ஓட்டில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தார்கள். மறுநாள் 60 பிடித்ததில் புள்ளியுள்ளவை 9. பிடித்ததில் எத்தனை பங்குக்குப் புள்ளி இருக்கிறதோ, மொத்த நத்தைகளில் அந்த 72உம் அதே பங்குதான் என்று வைத்துக்கொள்கிறார்கள். ஆக 72ஐ 60ஆல் பெருக்கி 9ஆல் வகுத்து, மொத்தம் 480. அதற்கு மறுநாள் 58 பிடித்தார்கள், புள்ளியுள்ளவை 3 மட்டுமே. கணக்குப் போட்டால் 1,392! ஒரே மரங்கள், ஒரே நத்தைகள், ஒரு நாளில் மூன்று மடங்காகுமா? குழுவில் ஒரு பையன் மூன்றாம் நாள் கணக்கை விட்டுவிடலாம் என்றானாம். மகள் அந்த 58 நத்தைகளின் படங்களையும் கைப்பேசியில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். நான்கு ஓடுகளில் புள்ளி இல்லை, புள்ளி இருந்த தடம் வெளுத்துத் தெரிகிறது. நகப்பூச்சு உரிந்திருக்கிறது. அவற்றையும் சேர்த்தால் 7, மொத்தம் ஏறக்குறைய 597. இப்போது அந்த நான்கைச் சேர்ப்பதா, வேண்டாமா என்று தொலைபேசியில் குழுவோடு வாதம். இரவு 11 மணிக்கு வாதம்! நான் தலையிடவில்லை. ஆசிரியை அவர்களே, எது சரி?

மணல் ஈக் கடி கால் முழுக்க இருக்கிறது. மூச்சிரைப்பு வரவே இல்லை.

உயிரியல் ஆசிரியை
17 ஜூன், இரவு 10:50

படிக்கப் படிக்க எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது எனக்கு. பாடநூலில் வரும் கணக்கில் அடையாளம் அழியாது, நத்தை இடம் மாறாது, விடை முழு எண்ணாக வந்து நிற்கும். உங்கள் மகளுக்கு உண்மையான நத்தைகள் கிடைத்திருக்கின்றன.

எது சரி என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் எப்படி எழுதுவது என்று சொல்கிறேன். மூன்று எண்களையும் எழுதட்டும்: 480, 1,392, 597. தடத்தை அடையாளமாக எடுத்துக்கொண்டது பிடித்த பிறகு செய்த முடிவு என்பதையும் எழுதட்டும். இரண்டாம் நாள் படங்களிலும் அதே போல் தடம் தேடினார்களா என்று கேளுங்கள். மூன்றாம் நாளில் மட்டும் தேடினால் அது நியாயமில்லை. இன்னொரு காரணத்தையும் யோசிக்கச் சொல்லுங்கள்: நீர் உயர ஏறும் நாள்களில் இந்த நத்தைகள் கிளைக்கு மேல் போய்விடும். அவர்கள் எட்டும் உயரத்தில் மட்டும் தேடியிருந்தால் அடையாளமிட்ட நத்தைகள் தலைக்கு மேலேயே இருந்திருக்கலாம். மூன்றாம் நாளைத் தூக்கி எறியலாம் என்ற அந்தப் பையனையும் கோபிக்க வேண்டாம். நாமெல்லாரும் ஒரு காலத்தில் அந்தப் பையன்தான்.

செங்காங் அம்மா
18 ஜூன், இரவு 7:20

கேட்டேன். இரண்டாம் நாள் படங்களில் தேடவில்லையாம். முகம் வாடிவிட்டது. பிறகு மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தாள். 60 படங்களில் 41தான் தெளிவாக இருக்கின்றன, அவற்றில் தடம் மட்டும் உள்ளது ஒன்று. மற்ற 19ஐ என்ன செய்வது என்று இப்போது அடுத்த கேள்வி. உயரம் பற்றிச் சொன்னதும், "நாங்கள் யாரும் மேலே பார்க்கவே இல்லை அம்மா" என்றாள்.

பிடோக் உம்மா
18 ஜூன், இரவு 9:05

என் மகளும் வந்துவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ். மணல் மேட்டில் ஆறு பேர் ஜமாஅத்தாகத் தொழுதார்களாம். தொழுது முடித்து எழுந்தபோது கீழ்வானம் வெளுத்து, மணல் முழுக்கக் கடல் நட்சத்திரம் தெரிந்ததாம். அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தெம்பனிஸ் தந்தை
18 ஜூன், இரவு 10:40

செங்காங் அம்மா, அந்த 19 படங்கள் என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். என் தங்கை மகனிடம் இந்த இழையைக் காட்டினேன். மங்கலான படங்களை விட்டுவிட்டு 41ஐ மட்டும் வைத்து விகிதம் பார்க்கலாமே என்கிறான். அவன் இந்த ஆண்டு இரண்டாம் ஆண்டு, முகாமுக்குப் போகும் வாய்ப்பு முடிந்துவிட்டது. அடுத்த அமாவாசை ஒட்டிச் சாங்கிக் கடற்கரைக்கு நானே அவனை அழைத்துப் போகலாம் என்று இருக்கிறேன். எதுவும் எடுக்காமல், தொந்தரவு செய்யாமல் பார்ப்பதற்கு அனுமதி வேண்டியதில்லையே? வற்ற நேரத்தை எங்கே பார்ப்பது?

செம்பவாங் தாத்தா
19 ஜூன், காலை 5:30

பார்ப்பதற்கு அனுமதி வேண்டாம் தம்பி. கடல் ஏறி வற்றும் நேரம் காட்டும் ஓத அட்டவணை இணையத்தில் இருக்கிறது. 0.5 மீட்டருக்குக் கீழே காட்டும் நாளாகப் பாருங்கள். அந்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள், கைவிளக்கும் பழைய காலணியும் போதும். நாளைச் சொன்னால் நானும் வருகிறேன். எண்ணுவதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவரச் சொல்லுங்கள் அந்தப் பையனை.